ஊசிக்கு ஒரு டிக்கெட்

சேசு மரி சூசை

லிங்கராஜபுரம்,
பெங்களூர்.
3.1.1999

அன்புள்ள ஜெசிந்தா அக்காவுக்கு,

ஒரு கையில் பிசிக்ஸ் புத்தகமும் மறு கையில் பேனாவுமாக உன் தங்கை கொன்சி எழுதுவது. பிசிக்ஸ் என்னைப் பிய்க்கிறது, ஆகவே பேனா ஜெயித்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. மூன்றில் இரண்டு பேர் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? மஸ்கட்டிலும் குளிர் அடிக்கிறது என்று எழுதியிருந்தாயே, யாருக்கு அல்வா கொடுக்கிறாய்?

அப்பாவைப் போன திங்கட்கிழமை நர்சிங் ஹோமிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வயிற்றுப் புண் ஓட்டையான இடத்தைத் தைத்து மூடியாகிவிட்டது. தொப்புளைச் சுற்றிக்கொண்டு ஒரு சாண் நீளத்துக்குத் தையல். “என் வயித்துல புது ரோடு போட்டுட்டானுங்க, இனிமே இதுல பஸ் வுடலாம்” என்கிறார். இருபத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவருக்கு வேறு என்ன தோன்றும்? படுக்கையிலிருந்து எங்களைக் கூப்பிட டியூட்டி விசிலைத்தான் ஊதுகிறார். நான் விசிலுக்குள் இருந்த குண்டை எடுத்துவிட்டேன். ஊதினார், வெறும் காற்று. மறுபடி ஊதினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்ததும் பிடித்துக்கொண்டார். “சிரிக்க வெக்காதடி கழுத, தையல் பிரிஞ்சிடும்” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

ஒரு விஷயம்தான் சரியில்லை. டாக்டர் சேஷகிரி, வலி தாங்காவிட்டால் மட்டும் பெத்திடின் ஊசி போடலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு நாலு முறை தாங்கவில்லை. கம்பவுண்டர் ரெமிஜியஸ் அண்ணனின் டி.வி.எஸ் சத்தம் முனையில் கேட்டாலே முகம் மலர்கிறது. பெத்த பிள்ளை நான் இருக்க, பெத்திடின் மேல்தான் பாசம். ஊசி வர அரைமணி தாமதமானால் அம்மாவை அவர் திட்டுகிற திட்டை இங்கே எழுதினால் தபால்காரர் கடிதத்தைத் தொட மாட்டார்.

அம்மா உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

உன் பாசத் தொல்லை,
கொன்சி


மஸ்கட்
16.1.1999

அன்புள்ள கொன்சிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். உன் கடிதம் பதினோரு நாள் கழித்துக் கிடைத்தது. சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன், கடைசிப் பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது.

வயிற்றைத் திறந்து ஒரு மாதம் ஆனபின் நாலு ஊசி கூடாது. நாலு இல்லை, ஒன்றே அதிகம், பழகினால் போதை மாதிரி பிடித்துக்கொள்ளும். எங்கள் சர்ஜரி வார்டில் ஐந்தாம் நாளே மாத்திரைக்கு மாற்றிவிடுவோம். ஊசியையே நம்பிக் கிடந்த ஒருவரை நான் இங்கே பார்த்திருக்கிறேன். தையல் ஆறி ஆறு மாதம் ஆகியும் ஊசி கேட்டு வாசலில் வந்து நிற்பார், நல்ல ஆசிரியர். அப்பாவை அப்படிப் பார்க்க என்னால் முடியாது. அப்படி ஆனால் அவரால் வேலைக்குத் திரும்பவும் முடியாது, கண்டக்டர் சட்டை போடவும் முடியாது.

சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் சேஷகிரியிடம் கேட்டுக்கொண்டு வாரம் ஒன்றாகக் குறையுங்கள். பாராசிட்டமால் மாத்திரையை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மணி பார்த்துக் கொடுங்கள். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல். காலையும் மாலையும் நடக்க வேண்டும். குறைக்கும் நாட்களில் வியர்க்கும், வாந்தி வரும், வயிற்றைப் பிசையும், கெஞ்சுவார். இளகிவிடாதீர்கள்.

உனக்கு ஒரு வேலை. ஒரு நாளைக்கு மூன்று முறை வலி எத்தனை என்று கேட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் எழுதி எனக்கு அனுப்பு. நம்பர்தான் எனக்கு இங்கிருந்து அப்பாவின் முகம். பொறுப்பாகச் செய்வாய் அல்லவா?

உன் பரீட்சைக்கு ஜெபிக்கிறேன்.

அக்கா ஜெசிந்தா


லிங்கராஜபுரம்
30.1.1999

அன்புள்ள மஸ்கட் மேட்ரனுக்கு,

சளி, இருமல், பொறுப்பு எல்லாவற்றாலும் பீடிக்கப்பட்ட கொன்சி எழுதுவது. நீ அங்கே சௌக்கியமாக, சூடாக, கண்டிப்பாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். “ஜாணே நிம்ம அக்கா” என்று தலையாட்டினார். கெட்டிக்காரியாம் நீ. “ஸ்வல்ப ஸ்வல்ப கம்மி மாடோணா” என்று, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க அட்டவணை போட்டுக் கொடுத்தார். முதல் வாரம் மூன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று, கடைசி வாரம் பாதி மருந்து. பிப்ரவரி இருபத்து நாலோடு முற்றும்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “கண்டவன் சொன்னா வலி நின்னுடுமா?” என்று கத்தினார். அம்மா அழுதாள். அப்போதுதான் உன் தங்கையின் மூளை வேலை செய்தது. பழைய காலண்டர் அட்டையை வெட்டி, நூல் போட்டுத் தைத்து, ஒரு டிக்கெட் கட்டு தயாரித்தேன். ‘ஊசி ஒன்று. மாற்றத்தக்கதல்ல’ என்று ஒவ்வொன்றிலும் எழுதி, எண் போட்டு, அட்டவணைப்படி எண்ணி அவர் கையில் கொடுத்தேன். “ஒரு ஊசிக்கு ஒரு டிக்கெட். டிக்கெட் இல்லாதவங்க ஏறக்கூடாது. நீங்களே சொல்லுங்க கண்டக்டர் சார், வித்தவுட்ல ஏத்துவீங்களா?”

கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மந்திரியே வந்தாலும் ஏத்த மாட்டேன்” என்றார்.

அவ்வளவுதான் அக்கா! அன்றிலிருந்து ரெமிஜியஸ் அண்ணன் வந்தால் அப்பாவே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அண்ணன் அதன் ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டுப் பையில் போட்டுக்கொள்கிறார். நேற்று மதியம் வியர்த்துக் கொட்டியது, கால் உதறியது, இருந்தும் கேட்கவில்லை. “ராத்திரிக்கித்தான் டிக்கெட் இருக்கு” என்று தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நம்பர்கள் தனித்தாளில், அதையே நோட்டிலும் எழுதி வைக்கிறேன். ஏழு, ஆறு, ஏழு என்று பஸ் ரூட் மாதிரி போகிறது.

பத்துக்குப் பத்து வாங்கும்,
கொன்சி


லிங்கராஜபுரம்
18.2.1999

அன்புள்ள அக்கா,

நெற்றியில் நேற்றுப் பூசிய சாம்பலைக் கழுவிவிட்டு எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே, என் சேட்டை அப்படியே. உன் கால் வீக்கம் வடிந்ததா?

பெரிய செய்தி. நேற்று சாம்பல் புதன். அப்பா எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி கோயிலுக்கு நடந்தே வந்தார்! பூசை முடிந்து வாசலில் டிப்போ ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். “ஏன் முத்தண்ணே, இன்னும் ஊசிலதான் வண்டி ஓடுதா?” என்று ஒருத்தர் கேட்டார். கிண்டல்தான், நாம் பண்ணாத கிண்டலா? அப்பா வீட்டுக்கு வந்ததும் மீதி இருந்த ஏழு டிக்கெட்டையும் எடுத்துக் கிழித்தார். “தவக்காலத்துக்கு எல்லாரும் கறிய விடறாங்க, நான் இத விட்டுட்டேன். ரெமிஜியஸ வர வேணாம்னு சொல்லிடு” என்றார்.

டாக்டரிடம் சொன்னோம். ஒரு வாரம் முந்திதான், பரவாயில்லை, மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றார்.

நம்பர் பார். நாலு, மூன்று, மூன்று, இரண்டு. நேற்று இரவு “எத்தனைப்பா?” என்றேன். “ரெண்டு. பிரேசர் டவுன் தாண்டிட்டோம், வீடு பக்கத்துல வந்துடுச்சி” என்றார்.

பரீட்சைக்கு இன்னும் நாற்பது நாள். அதற்கு ஒரு டிக்கெட் கட்டு கண்டுபிடிக்க முடியவில்லை.

கொன்சி


மஸ்கட்
4.3.1999

என் செல்லக் கொன்சிக்கு,

இங்கே நான் நலம், சந்தோஷம் என்ற சொல்லைச் சேர்த்தே எழுதுகிறேன். உன் கடிதத்தை டியூட்டி ரூமில் வைத்து உரக்கப் படித்தேன். டிக்கெட் கட்டு கதையைக் கேட்டு பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள்கூடச் சிரித்தார்கள். எங்கள் சர்ஜன், பெங்களூரில் இருக்கும் அந்தச் சின்ன நர்ஸை இங்கே அனுப்பு என்றார். அப்பாவின் நம்பர் தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஒன்றை மறக்காதே. ஊசி நின்று பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டதால் இனி வருகிற வாந்தியோ வயிற்று வலியோ ஊசி நின்றதால் வருவதல்ல. வயிறு உப்பினாலோ, கட்டையாக இறுகினாலோ, காற்று பிரியாவிட்டாலோ, ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. நேராக டாக்டரிடம் போ. முதல் கடிதத்தில் இளகாதே என்று எழுதியது அந்தக் குறைக்கும் நாட்களுக்கு மட்டும்.

அப்பாவுக்கு என் முத்தம். ஆகஸ்டில் லீவு கேட்டிருக்கிறேன்.

அக்கா


லிங்கராஜபுரம்
7.3.1999

அன்புள்ள அக்கா,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு மூன்றும் சேர்ந்து என்னைக் கூறுபோடுகின்றன, அதனால் சிறு கடிதம்.

இந்த வாரம் முழுக்க இரண்டு, இரண்டு, இரண்டு. தாள் இணைத்திருக்கிறேன். ரொம்பச் சமத்து பேஷன்ட். பேச்சு குறைந்திருக்கிறது, சாப்பாடும் கொஞ்சம். தவக்காலம் என்கிறார். அம்மா சுக்குக் காபி போட்டுத் தருகிறாள்.

கொன்சி


லிங்கராஜபுரம்
22.3.1999

அக்காவுக்கு,

எதிர்வீட்டு யசோதா ஆன்ட்டி போனில் உன்னிடம் பேசும்போது இரண்டு முறையும் லைன் அறுந்துவிட்டது. நான் சொன்னதில் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று தெரியவில்லை. ஆகவே எழுதுகிறேன். அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு வாந்தி. உன் முதல் கடிதத்தில் இருந்ததை அம்மாவுக்கு எடுத்துப் படித்துக் காட்டினேன். வாந்தி வரும், வயிற்றைப் பிசையும், கெஞ்சுவார், இளகாதீர்கள். அதுதான் இது என்று இருந்துவிட்டோம். சனிக்கிழமை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஞாயிறு காலையில் பூசைக்கு எழுப்பப் போனேன். உடம்பு சில்லென்று இருந்தது. வயிறு பலகை மாதிரி. யசோதா ஆன்ட்டி போன் செய்ததும் டாக்டர் வந்தார், தொட்டுப் பார்த்தார், வாசலுக்கு ஓடி அவரே ஆட்டோ பிடித்தார்.

பழைய தையலை ஒட்டி உள்ளே தழும்பு நார் மாதிரி வளர்ந்து, அதில் குடல் சிக்கி முறுக்கிக்கொண்டதாம். மூன்றடி கறுத்துப் போய், வெட்டி எடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்காமலே மணிக்கு மணி ஊசி போட்டார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றே காலுக்கு முடிந்தது. புதன்கிழமை அடக்கம். டிப்போவிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் சேஷகிரி நம்பர் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

உன் நாலாம் தேதிக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அடக்கம் முடிந்து இரண்டாம் நாள்.

கொன்சி


மஸ்கட்
6.4.1999

கொன்சிக்கு,

என் பாஸ்போர்ட் ஆஸ்பத்திரி ஆபீஸில் பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். நான் வர முடியாததற்கு இதுதான் காரணம் என்று அம்மாவிடம் சொல். பெரிய வெள்ளி அன்றும் டியூட்டி பார்த்தேன்.

திரும்பத் திரும்ப அந்தத் தாளைப் பார்க்கிறேன். மார்ச் ஆறாம் தேதி வரை காலை இரண்டு, மதியம் இரண்டு, இரவு இரண்டு. இவ்வளவு நன்றாக இருந்தவருக்கு ஒரே வாரத்தில் இது எப்படி வரும்? முதல் ஆபரேஷனிலேயே எதையோ சரியாகச் செய்யவில்லை. டாக்டர் சேஷகிரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் எழுதிவிட்டேன். அவர்தான் என் அப்பாவைக் கொன்றார் என்று அந்த வார்த்தையையே எழுதினேன். மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதப் போகிறேன். அதற்கு நோட்டு வேண்டும். பத்திரமாகக் கட்டி அனுப்பு. உன் கையெழுத்துதான் நமக்குச் சாட்சி.

அம்மாவைப் பார்த்துக்கொள். பரீட்சை எப்படி எழுதினாய்?

அக்கா


லிங்கராஜபுரம்
24.4.1999

அக்கா,

பரீட்சை எழுதவில்லை. அம்மாவுக்கு அது தெரியாது, காலையில் கிளம்பிப் போய் கோயில் பின்பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

டாக்டர் நேற்று உன் கடிதத்தோடு வந்தார். அம்மாவிடம் காட்டவில்லை. என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டு, “நானு உத்தர பரியல்லா. நீனே பரி” என்றார். அவர் பதில் எழுத மாட்டாராம், நானே எழுத வேண்டுமாம். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எழுதாமல் விட்டிருப்பேன்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதிக்கு அப்புறம் நான் அப்பாவிடம் நம்பர் கேட்கவே இல்லை.

படிப்பு இருந்தது. எப்படியும் இரண்டு என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபத்தொரு இரண்டையும் போட்டு உனக்கு அனுப்பினேன். ஒரு நாள் அவராகவே கேட்டார்.

“ஏ கொன்சி, இன்னிக்கி நம்பர் கேக்கலியே?”

“எதுக்குப்பா கேக்கணும்? ரெண்டுதான?”

“சரி, ரெண்டே போட்டுக்க” என்றார். என்ன சொல்ல வந்தாரோ. நான் கெமிஸ்ட்ரிப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மாத்திரையும் அவர் சாப்பிடவில்லை. அடக்கத்துக்குச் சட்டை எடுக்கும்போது தலையணை உறைக்குள் கொத்தாகக் கிடந்தன. தவக்காலத்துக்கு அதையும் விட்டிருக்கிறார். நான்தான் தினம் கையில் கொடுப்பேன், விழுங்குகிறாரா என்று பார்த்ததில்லை.

இன்னும் இருக்கிறது. பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். உதடு காய்ந்திருந்தது. “ரெமிஜியஸ வரச் சொல்றியா? ஒண்ணே ஒண்ணு போட்டுக்கறேன்” என்றார். ஒரு மாதமாகக் கேட்காதவர் கேட்கிறாரே என்று எனக்குப் பயம் வந்தது, திரும்பவும் பழைய மாதிரி ஆகிவிடுவாரோ என்று. அழ வேண்டாம் என்று வேடிக்கை பண்ணினேன். கையை நீட்டி, “டிக்கெட் எங்க சார்?” என்றேன்.

அவரும் சிரித்தார் அக்கா. “இல்ல மேடம், எறங்கிடறேன்” என்றார். அப்புறம்தான் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

அவர் என்னிடம் பேசியது அதுதான் கடைசி. அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நீ டாக்டருக்கு எழுதியதை எனக்கு எழுது. அந்த வார்த்தையையே எழுது. நோட்டை இதோடு அனுப்புகிறேன்.

கொன்சலாத்தா


மஸ்கட்
20.6.1999

கொன்சிக்கு,

உன் கடிதமும் நோட்டும் மே ஆறாம் தேதியே கிடைத்தன. ஆறு வாரமாகப் பதில் எழுதவில்லை. நீ அந்த ஆறு வாரம் எப்படி இருந்திருப்பாய் என்று தெரிந்தும் எழுதவில்லை. அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டியதை அனுப்பினேன், கவருக்குள் ஒரு வரிகூட வைக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் உன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஒன்பது வருடமாக நர்ஸ். தினம் நாற்பது சார்ட் பார்க்கிறேன். நேரத்துக்கு நேரம் கேட்டு எழுதிய தாளில் எழுத்து மாறும். காலையில் ஒரு பேனா, இரவில் ஒரு பேனா, ஒன்று அவசரம், ஒன்று தூக்கம், ஓரத்தில் காபிக் கறை. உன் ஜனவரித் தாள் அப்படித்தான் இருந்தது. மார்ச் தாளில் இருபத்தொரு இரண்டும் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே மூச்சு. எங்கள் வார்டில் இப்படி எழுதும் புதுப்பெண்களைக் கூப்பிட்டு, பேஷன்ட் முன்னாலேயே தாளைக் கிழிக்கச் சொல்லி, போய்க் கேட்டுவிட்டு வா என்று விரட்டுவேன். அதற்காக அவர்கள் என்னை வெறுக்கிறார்கள்.

மார்ச் பதினெட்டாம் தேதி உன் தாள் வந்தது. அப்பாவைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, அது எனக்குத் தெரியும். கவரைப் பிரித்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் டாக்டர் சேஷகிரிக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். மறுமுறை படித்துத்தான் ஒட்டினேன். யாராவது ஒரு ஆள் செய்திருக்க வேண்டும், அது நம் வீட்டு ஆளாக இருக்கக் கூடாது என்று வேண்டியிருந்தது. நீ எழுதியிருக்காவிட்டால் கவுன்சில் வரை போயிருப்பேன். அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

இளகாதே என்று எழுதியவள் நான். அந்த ஆசிரியரின் கதையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தியவளும் நான். எதற்கெல்லாம் இளக வேண்டும் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதத் தெரியாதவளா? தெரியும். நாலு ஊசி என்று படித்ததும் எனக்கு வந்தது பயம் இல்லை கொன்சி, வெட்கம். சர்ஜரி நர்ஸின் அப்பா இப்படியா என்று. குறைப்பது சரிதான், இன்றும் வார்டில் அதைத்தான் செய்கிறேன். நான் அப்பாவைக் குறைக்கச் சொன்னது அப்பாவுக்காக மட்டும் இல்லை.

நீ கேட்ட வார்த்தையை உனக்கு எழுத மாட்டேன். நீ செய்தது ஒன்றுமில்லை என்றும் எழுத மாட்டேன், நீ நம்ப மாட்டாய். அடுத்த வருடம் பரீட்சை எழுது. எழுதவில்லை என்றால் அம்மாவிடம் அதையாவது நேராகச் சொல்.

ஆகஸ்ட் லீவு கொடுத்திருந்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்று ஏழாம் கட்டிலில் ஒரு கிழவர், பலூச்சிக்காரர், வயிற்று ஆபரேஷன் ஆகி நாலாம் நாள். ஊசியை நிறுத்தி மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம். வலி எத்தனை என்றேன். இரண்டு விரலைக் காட்டினார். போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்றுதான் இருந்தது. மறுபடி கேட்டேன், இரண்டு. போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டேன், இரண்டு. உண்மையிலேயே அவருக்கு இரண்டுதான். நாலாம் முறை போய் நின்றபோது, “ஏன் மகளே அழுகிறாய், எனக்கு ஒன்றும் இல்லையே” என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். ஐந்தாம் முறையும் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவையும்.

ஜெசிந்தா